வாடகை வீட்டில் ஏசி: ஓனருடையதா, சொந்தமா, மாத வாடகைக்கா?

சென்னையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர், பார்க்கிங் இரண்டையும் கேட்ட கையோடு இப்போது ஏசியையும் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் மே மாதம் இரவு பதினொரு மணிக்குக்கூட சுவரில் கை வைக்க முடியாது. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் ஏசியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் சொந்த வீட்டில் ஏசி மாட்டுவது வேறு, வாடகை வீட்டில் வேறு. சுவர் ஓனருடையது, மின் இணைப்பு ஓனர் பெயரில், பில் கட்டுவது நாம். மெஷின் மட்டும் யாருடையதாகவும் இருக்கலாம். எந்த பிராண்ட், எத்தனை ஸ்டார் என்று பார்ப்பதற்கு முன்னால், பழுதானால் செலவு யாருடையது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். கீழே உள்ள எல்லா வழிகளையும் நான் அந்தக் கணக்கில்தான் எடை போடுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். '11 மாதம்தானே, பதிவு எதற்கு' என்ற பழைய பேச்சு இதற்குப் பொருந்தாது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது.

ஏசிக்கு முக்கியமானது அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. யார் எந்த ரிப்பேரைப் பார்க்க வேண்டும் என்று அதில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் பெரிய பழுதுகள், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வீட்டின் உள்ளும் புறமுமான வயரிங் எல்லாம் ஓனர் பக்கம். சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், கீசர் ரிப்பேர், மின்சாதனங்களைச் சரிசெய்வது, மாற்றுவது எல்லாம் வாடகைதாரர் பக்கம்.

இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓனர் மாட்டி வைத்த ஏசியே ஆனாலும், ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால், 'மின்சாதனம்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அவர் சொல்ல இடம் இருக்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் ஓனர் துண்டிக்கக்கூடாது என்று சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. அத்தியாவசிய சேவைகளின் அந்தப் பட்டியலில் ஏசி இல்லை.

ஓனர் வைத்திருக்கும் ஏசி

பார்க்க வசதியான வழி இதுதான். சாமான்களை இறக்கிய அன்று இரவே நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் ஏசி இருக்கிறது என்பதற்காக மாதம் ஆயிரம், இரண்டாயிரம் கூட்டிக் கேட்பது வழக்கம். நடுவில் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 18,000. இரண்டு வருடத்தில் 36,000. ஒரு புது ஒன்றரை டன், மூன்று ஸ்டார் இன்வெர்ட்டர் (தேவைக்கேற்ப கம்ப்ரஸர் வேகத்தை மாற்றிக்கொள்ளும்) ஏசியின் விலையை ஏறக்குறைய எட்டிவிடும். கொடுத்து முடித்த பிறகும் மெஷின் ஓனருடையதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் வயது. வாடகை வீடுகளில் தொங்கும் ஏசிகளில் பல, ஓனர் தன் வீட்டுக்குப் புதுசு வாங்கியபோது கழற்றி இங்கே மாட்டியவை. "ஏசி ஓடுமா சார்?" என்றால், "நல்லா ஓடும் தம்பி, போன வருஷம்தான் சர்வீஸ் பண்ணினோம்" என்பார். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் இருபது நிமிடம் ஓட விடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வெளியே போய் அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். தயாரிப்பு ஆண்டு பெரும்பாலும் அதில் இருக்கும், உள்ளே ஓடும் குளிரூட்டும் கேஸின் வகை கட்டாயம் இருக்கும். ஆர்-22 என்றிருந்தால் பழைய மெஷின். அந்த கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. வருடா வருடம் நிரப்பிக்கொண்டிருப்பது கையைக் கடிக்கும். ஆர்-32 என்றிருந்தால் ஓரளவு புதியது. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரப் பகுதி என்றால் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளையும் பாருங்கள். உப்புக் காற்றில் அரித்து, விரல் பட்டாலே உதிர்கிறது என்றால் கேஸ் நிற்காது.

பழைய ஏசியின் செலவு கரண்ட் பில்லிலும் தெரியும். ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் யூனிட் கணக்கு வருடத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. இன்றைய ஐந்து ஸ்டார் ஒன்றரை டன் ஏசி அந்தக் கணக்கில் 800 யூனிட்டை ஒட்டி நிற்கும். பழைய, இன்வெர்ட்டர் இல்லாத மெஷின் 1,100ஐத் தாண்டும். வித்தியாசத்தை ஓனர் கட்டப்போவதில்லை.

ஆகவே ஐந்து வயதுக்குள் இருக்கும் ஏசி, ரிப்பேர் ஓனர் பொறுப்பு என்ற எழுத்து, இரண்டும் இருந்தால் இது நல்ல வழி. இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் இருப்பதிலேயே மோசமான வழி இதுதான் என்பேன்.

சொந்த ஏசி

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபின், சொந்தமாக வாங்குவது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. வாரண்டி நம் கையில், பராமரிப்பு நம் கையில், எத்தனை ஸ்டார் என்பதும் நம் முடிவு.

சிரமம் சுவரில் தொடங்குகிறது. காப்பர் பைப் போக இரண்டரை அங்குல ஓட்டை வேண்டும். ஸ்டாண்ட் அடிக்க வெளிச்சுவரில் இடம் வேண்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதியும் தேவைப்படலாம். ஓனர் வாயால் 'சரி' என்று சொன்னதை நம்பி ஓட்டை போடக்கூடாது. ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும், ஒப்பந்தத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. காலி செய்யும்போது 'சுவரைச் சேதப்படுத்திவிட்டார்கள்' என்று அட்வான்ஸில் கை வைப்பது சாதாரணமாக நடக்கிறது. இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல. ஆனால் அனுமதி இல்லாமல் போட்ட ஓட்டையைத் தேய்மானம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது வயரிங். ஏசி பாயின்ட் இல்லாத அறைக்கு மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் இழுத்து, தனி எம்சிபி (மின்சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போட வேண்டும். ஏற்கெனவே உள்ள சாதாரண பிளக்கில் சொருகி ஓட்டுவது தீயோடு விளையாடுவது. வயரிங் பழுது ஓனர் பொறுப்பு என்று சட்டம் சொன்னாலும், புதிதாக ஒரு பாயின்ட் போடுவது பழுதுபார்ப்பு ஆகாது. பேசித்தான் தீர்க்க வேண்டும். நான் பார்த்தவரை, 'வயரும் பாயின்ட்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கப்போகிறது, பாதிச் செலவு உங்களுடையது' என்றால் பல ஓனர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது ஏசி என்றால் அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் உயர்த்த வேண்டிவரலாம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும்.

அப்புறம் வீடு மாறும் செலவு. கழற்ற, மாட்ட, கூடுதல் பைப்புக்கு, கொஞ்சம் கேஸுக்கு என்று ஒவ்வொரு முறையும் நாலாயிரம், ஐயாயிரம் போகும். இதில் பாதியை மிச்சப்படுத்துவது நல்ல மெக்கானிக்கின் கை. கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் இரண்டு வால்வுகளில் ஒல்லியான பைப்பின் வால்வை அலன் கீயால் முதலில் மூடுவார். ஒரு நிமிடம் போல ஓட விடுவார். பைப்பில் இருக்கும் கேஸை எல்லாம் கம்ப்ரஸர் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு தடித்த பைப்பின் வால்வையும் மூடி, உடனே ஏசியை அணைப்பார். இப்படிச் செய்தால் கேஸ் அப்படியே உங்களோடு புது வீட்டுக்கு வரும். நேரே ஸ்பேனரை எடுத்து நட்டைக் கழற்றினால் 'உஸ்' என்று எல்லாம் காற்றில் போய்விடும். புது வீட்டில் கேஸ் நிரப்ப இன்னொரு மூவாயிரம் கேட்பார்கள். வாரண்டி காலத்தில் இருந்தால் கம்பெனி ஆளை வைத்தே கழற்றுவது பாதுகாப்பு.

இன்னொன்று, தண்ணீர். ஏசியிலிருந்து வடியும் தண்ணீர்க் குழாயைச் சரியான வடிகாலில் விடாமல் தொங்கவிட்டால், கீழ்வீட்டு ஜன்னல் சன்ஷேடில் இரவு முழுக்கச் சொட்டும். ஏசியால் வரும் அக்கம்பக்கத்துச் சண்டைகளில் பெரும்பாலானவை இதில்தான் ஆரம்பிக்கின்றன. ஐந்தடி குழாய் கூடுதலாக வாங்கினால் முடிகிற விஷயம்.

மாத வாடகைக்கு ஏசி

நாற்காலி, கட்டில் வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் ஏசியும் தருகின்றன. உள்ளூர் ஏசி கடைகளும் சீசனுக்குத் தருகின்றன. ஒன்றரை டன் ஸ்பிளிட்டுக்கு மாதம் 1,500 முதல் 2,000 வரை, அதோடு மாட்டும் கூலி, முன்பணம். ரிப்பேர் அவர்கள் பொறுப்பு என்பதுதான் இதன் முழு பலம். அந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டு வழிகளையும் இது தோற்கடிக்கிறது.

கணக்கு எளிது. மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதம் மட்டும் என்றால் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குள் முடியும். மூன்று வருடம் தொடர்ந்து எடுத்தால் 54,000க்கு மேல். அந்தப் பணத்துக்குச் சொந்தமாக ஐந்து ஸ்டாரே வாங்கிவிடலாம். வேலை மாற்றலாகி வந்தவர்கள், ஒரு வருடம் மட்டும் இருக்கப்போகிறவர்கள், திருமணமாகி இன்னும் எந்த ஊர் என்று நிலைக்காதவர்கள் தயங்காமல் எடுக்கலாம். ஸ்பிளிட் என்றால் சுவரில் ஓட்டை, ஓனர் அனுமதி எல்லாம் இதற்கும் உண்டு.

ஜன்னல் ஏசி, போர்ட்டபிள், கூலர்

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜன்னல் ஏசிக்கென்றே வெட்டிவைத்த இடம் இருக்கும். அப்படி இருந்தால் யோசிக்காமல் ஜன்னல் ஏசி வாங்குங்கள். எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் காப்பர் பைப் இணைப்போ, இடம் மாறும்போது கேஸ் போகும் பயமோ கிடையாது. சத்தம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

போர்ட்டபிள் ஏசியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறையின் காற்றையே இழுத்துச் சூடாக்கிக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப கதவிடுக்கு வழியாக வெளிச் சூடு உள்ளே வருகிறது. ஓட்டை போடவே கூடாது என்று ஓனர் பிடிவாதம் பிடித்தால் மட்டும் பார்க்கலாம். ஏர் கூலர் வேலூர், திருச்சி, மதுரை பக்கத்து வறண்ட வெயிலில் உதவும். ஈரக்காற்று அடிக்கும் சென்னையில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

மீட்டரைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி, வீட்டுக்குத் தனி இ.பி. இணைப்பு உண்டா, ஓனர் இணைப்புக்குள் நம் பங்கை மட்டும் அளக்கும் சப் மீட்டரா என்பது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குக்கான சலுகையும் போய்விடும். அந்த ஒரு யூனிட்டுக்காகவே பில் 200 ரூபாய்க்கு மேல் கூடுவதுண்டு. தனி இணைப்பு இருந்தால் நம் வீட்டு ஏசியை எவ்வளவு ஓட்டுவது என்று நாமே கட்டுப்படுத்தலாம். ஓனர் வீடும் நம் வீடும் ஒரே இணைப்பில் இருந்து, 'யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்' என்று சப் மீட்டர் கணக்கில் வாங்கினால், நாம் நூறு யூனிட் மட்டும் ஓட்டினாலும் மேல் அடுக்கின் விலையைத்தான் கொடுக்கிறோம். இது நியாயமே இல்லை. தனி இணைப்பு இல்லாத வீட்டில் ஏசியோடு குடியேறாதீர்கள். குடியேறியே ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் அசல் இ.பி. பில்லைக் காட்டி, யூனிட் விகிதப்படி பிரித்துக்கொள்வது என்று எழுதி வாங்குங்கள்.

என் தேர்வு

ஒரே வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருப்போம் என்ற நம்பிக்கை இருந்தால் சொந்த ஏசி. ஒரு வருடம் என்றால் மாத வாடகை ஏசி. ஓனர் ஏசி, ஐந்து வயதுக்குள் இருந்து, கீழே உள்ள வரிகளையும் ஒப்பந்தத்தில் சேர்த்தால் மட்டும்:

'இன்ன பிராண்ட், இன்ன ஆண்டு ஏசி, குடியேறும் நாளில் நன்றாக ஓடும் நிலையில் ஒப்படைக்கப்பட்டது. வருடாந்திர சர்வீஸ் செலவு வாடகைதாரருடையது. கம்ப்ரஸர், பிசிபி போர்டு (மின்னணுச் சுற்றுப் பலகை), கேஸ் கசிவு, காயில் பழுது உரிமையாளருடையது. தெரிவித்த ஏழு நாட்களுக்குள் சரிசெய்யப்படாவிட்டால் வாடகைதாரர் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.'

கடைசி வரி ஒன்றும் புதுமையல்ல. ஓனர் தன் பொறுப்பில் உள்ள ரிப்பேரைச் செய்யாவிட்டால் வாடகைதாரரே செய்து, ஒரு மாதத்தில் வாடகையின் பாதிக்கு மிகாமல் கழித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. ஏசி அந்தப் பொறுப்புக்குள் வருகிறது என்று எழுத்தில் பதிவதுதான் நாம் செய்ய வேண்டியது.

இதை எழுத ஓனர் மறுத்தால் சண்டை வேண்டாம். 'அப்படியானால் ஏசியை நீங்களே கழற்றிக்கொள்ளுங்கள், வாடகையில் அந்த 1,500ஐக் குறையுங்கள், பாயின்ட்டையும் சுவர் ஓட்டையையும் மட்டும் விட்டுவையுங்கள்' என்று கேளுங்கள். வயரிங் செலவும் ஓட்டைத் தகராறும் இல்லாமல் உங்கள் ஏசியை அங்கேயே மாட்டிவிடலாம்.