பழைய ஆர்எக்ஸ் 100-க்கு இன்சூரன்ஸ்: ஆன்லைனை விட ஈரோட்டு ஆபீஸே தேவலாம்

அப்பா காலத்து யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், 94 மாடல், ஈரோட்டுல ஒரு அரசு இன்சூரன்ஸ் கம்பெனியோட பிராஞ்ச்ல இந்த வருஷம் ரினியூ பண்ணேன். வாட்ஸப் குரூப்ல ஆளாளுக்கு "எங்க சீப்பா போடலாம்"னு கேக்கறதால எழுதறேன்.

முதல்ல ஒண்ணு, தேர்ட் பார்ட்டிக்கு (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ்) எங்க சீப்புன்னு தேடறதே வெட்டி வேலை. அந்த ரேட்டை கம்பெனி வைக்கல, கவர்மெண்ட் வைக்குது. 2022 ஜூன்ல வந்த ரேட்டுப்படி 75 சிசி வரைக்கும் 538 ரூபா (டிவிஎஸ் 50 வச்சிருக்கவங்க சந்தோஷப்படலாம்), 150 சிசி வரை 714, 350 சிசி வரை 1,366, அதுக்கு மேல 2,804. இதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆர்எக்ஸ் வெறும் 98 சிசி, அதனால 714-ல முடிஞ்சுது. யெஸ்டி, பழைய புல்லட் 350, ராஜ்தூத் எல்லாம் 1,366. எந்த ஆப்ல போட்டாலும் இதேதான், "எங்க கிட்ட மட்டும் ஸ்பெஷல் ரேட்டு"ன்னு எவனாவது சொன்னா பேப்பரை நல்லா பாத்து வாங்குங்க.

அப்ப வித்தியாசம் எங்க வருதுன்னா ஓடில (ஓன் டேமேஜ்), அதாவது நம்ம வண்டிக்கு ஆகற டேமேஜ், திருட்டு. ஆர்எக்ஸ் வச்சிருக்கவனுக்கு பயமே திருட்டுதான், நல்ல கண்டிஷன் வண்டி லட்சத்துக்கு மேல போகுது, பூட்டு ஒடைக்க தெரிஞ்சவனுக்கு அது நகைக்கடை மாதிரி. ஆனா ஒரு ஆன்லைன் சைட்ல நம்பர் போட்டதும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் காட்டுச்சு, இன்னொண்ணுல மாடல் லிஸ்ட்லயே நம்ம வண்டி இல்ல, கஸ்டமர் கேர்ல பேசின பொண்ணு "சார் வண்டி ரொம்ப பழசு"ன்னு எனக்கே தகவல் சொல்லுது.

பிராஞ்ச்ல இருந்த மேடம் அப்படி இல்ல. வண்டிய கொண்டு வாங்க, இன்ஸ்பெக்ஷன் பண்ணிட்டு போட்டுத் தர்றோம்னாங்க. ஐடிவி, அதாவது வண்டி திருடு போனா கெடைக்கற அதிகபட்ச தொகை, எவ்ளோ வைக்கலாம்னு அவங்களே கேட்டாங்க, ஏன்னா 5 வருஷத்துக்கு மேல போன வண்டிக்கு தேய்மான டேபிள் கெடையாது, நம்மளும் கம்பெனியும் பேசி ஒத்துக்கறதுதான் ஐடிவி. நான் 80 ஆயிரத்துல ஆரம்பிச்சேன், அவங்க 20 ஆயிரத்துல ஆரம்பிச்சாங்க, போட்டோ, ரீஸ்டோர் பண்ண பில்லு எல்லாம் காட்டி கடைசில 40,000-க்கு நின்னுச்சு. ஓடி எழுநூறு சொச்சம், எல்லாம் சேத்து வரியோட 1,700-க்குள்ள. கார் பாலிசில பர்சனல் ஆக்சிடென்ட் 15 லட்சத்துக்கு ஏற்கனவே இருக்கு, அத காட்டினதும் இதுல சேக்கல. நெறைய பேர் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியா கட்டிட்டு இருக்காங்க, தேவையே இல்ல, அது வண்டிக்கில்ல ஓனருக்குத்தான்.

ஐடிவிய ஏன் இவ்ளோ இழுத்தேன்னு கேக்கலாம். பிரீமியம் கம்மியாகட்டும்னு 15,000-க்கு போட்டுட்டு வர்ற ஆளுங்க இருக்காங்க. ரிப்பேர் செலவு ஐடிவில முக்கால்வாசிய தாண்டுச்சுன்னா டோட்டல் லாஸ்னு முடிச்சுருவாங்க, டேங்க், ஃபோர்க், இன்ஜின் கவர் மூணும் அடி வாங்கினா போதும், 15,000 ஐடிவிக்கு அங்கயே கதை முடிஞ்சுது. அப்பறம் வண்டிய நம்மளே வச்சுக்கணும்னா அடிபட்ட வண்டியோட மதிப்பை கழிச்சிட்டுதான் காசு வரும். அப்படியே சின்ன ஆக்சிடென்ட்டா இருந்தாலும் 10 வருஷம் தாண்டின வண்டிக்கு இரும்பு பார்ட்ஸ்ல பாதி, ரப்பர் பிளாஸ்டிக்ல பாதி நம்ம தலைல. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம பார்ட்ஸுக்கு காசு தர்ற கவர்) எல்லாம் புது வண்டிக்காரங்க சமாச்சாரம். அதனால சில்லறை ரிப்பேருக்கு இந்த பாலிசிய நம்பாதீங்க, திருட்டுக்கும் பெரிய அடிக்கும்தான்.

குரூப்ல ஒரு அண்ணன் வின்டேஜ்னு ரிஜிஸ்டர் பண்ணா பாதி காசுன்னு போட்டிருந்தார். வின்டேஜ் தள்ளுபடி காருக்குத்தான் எழுதியிருக்கு அண்ணா. வின்டேஜ்னா வண்டிக்கு 50 வயசு ஆகணும், 2021 ரூல்படி பதிவுக்கே 20,000, அதுக்கப்பறம் தினமும் ஓட்டவும் முடியாது. ஆர்எக்ஸ் வந்ததே 85-லதான், 2035 வரைக்கும் பேச்சே இல்ல.

குறைன்னு பாத்தா ஆபீஸ்ல வேலை ஆமை வேகம். ஆர்சி பழைய புக்கா இருக்கறதால இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் கையால டைப் பண்ணாங்க, ஒரு எழுத்து தப்பா வந்து திருப்பி அடிக்க வேண்டியதாப் போச்சு, நின்ன எடத்துலயே செக் பண்ணிட்டு வாங்க, கிளைம் வந்தா அந்த ஒரு எழுத்தை வச்சே இழுத்தடிப்பாங்க. சைலன்சர், சிடிஐ (இக்னிஷன் யூனிட்) ஏதாவது மாத்தியிருந்தா இன்ஸ்பெக்ஷன்லயே சொல்லிருங்க. ஆர்சி 15 வருஷம் முடிஞ்சு எஃப்சி ரினியூ ஆகலன்னா அத முதல்ல முடிச்சிட்டு போங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். போறவங்க காலைல 11 மணிக்குள்ள போயிருங்க, மதியத்துக்கு மேல சர்வர் டவுன்னு சொல்லி நாளைக்கு வரச் சொல்லுவாங்க.