கொல்லையா, மாடியா: எங்கே செடி வகை அதிகம்?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நகரத் தோட்டம் பின்தங்குவதில்லை. ஐம்பது தொட்டியில் ஐம்பது வகை வைத்துவிடலாம். ஆனால் பெரும்பாலானவை அழகுச் செடிகள். குச்சி நட்டுப் பெருக்கியவை என்பதால் ஒரே ரகச் செடிகளெல்லாம் ஒரே மரபணு அமைப்பு கொண்டவை. நோய் வந்தால் சேர்ந்தே போகும்.

வெப்பமண்டலக் கிராமத்துக் கொல்லையின் பலம் அடுக்குகளில்தான்: மேலே பலா, நடுவே வாழை, பப்பாளி, நிழலில் மஞ்சள், இஞ்சி, மரத்தில் ஏறும் மிளகுக்கொடி. சொந்த விதை எடுத்துவைக்கும் வீடுகளில் கத்தரி, அவரையின் நாட்டு ரகங்களும் தங்குகின்றன. இது நகரத்தில் எளிதில் கிடைக்காத செல்வம். ஒரே மரப்பயிருக்கு மாறினால் நிழல் அடர்ந்து கீழடுக்குதான் முதலில் அழியும்.

மாடியில் தடை எடை. 20 லிட்டர் தொட்டியில் நனைந்த தோட்டமண் 30 கிலோவை எட்டும். தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் கலந்தால் குறையும். கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும், மிளகாய்க்கு 30 வேண்டும். தேனீ வராத உயரத்தில் மகரந்தம் சேராமல் பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். விடிந்ததும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் (மகரந்தம் ஏற்கும் முனை) தடவுங்கள். வீரிய ஒட்டுரக (ஹைபிரிட்) செடியின் விதையைச் சேமிக்காதீர்கள், அடுத்த தலைமுறையில் குணம் சிதறும்.