வசந்தத் தொடக்கத்தில் புல்தரையைத் தளர்த்தும் கைக்கருவி

குளிர்காலத்தில் நடமாட்டத்தாலும் ஈரத்தாலும் இறுகிப்போன புல்தரையைத் தளர்த்துவதற்காக, காலால் மிதித்து இயக்கும் இரட்டைக் குழல் துளைக்கருவி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தினேன். கூர்முனைக் கருவிகள் மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கி மேலும் இறுக்கிவிடக்கூடும்; இதன் உள்ளீடற்ற குழல்களோ 5 முதல் 7 செ.மீ. ஆழம் வரை இறங்கி மண்ணை உருளையாக வெட்டி வெளியே எடுப்பதால், காற்றும் நீரும் வேர்களை அடைய உண்மையான வழி பிறக்கிறது; இதை நான் மனதாரப் பாராட்டுவதற்கு அதுவே முதற்காரணம். வெளியே விழும் மண்ணுருளைகளை வாரி அகற்ற வேண்டியதில்லை, அவை மழையில் கரைந்து தரையோடு சேர்ந்துவிடும்.

கைப்பிடி உறுதியானது. காய்ந்த தரையில் குழல்கள் இறங்க மறுக்கின்றன. ஈரம் மிகுந்தாலோ, குறிப்பாகக் களிமண்ணில், குழலுக்குள் மண் அடைத்துக்கொண்டு அடிக்கடி வேலையை நிறுத்த நேர்கிறது. அடைப்பை நீக்கும் கம்பி ஒன்றைத் தயாரிப்பாளர் உடன் தந்திருக்க வேண்டும். முதல் நாள் நீர் பாய்ச்சி, மறுநாள் மிதமான ஈரத்தில் துளையிடுவதே இக்கருவிக்கு ஏற்ற முறை.

பரந்த தரைக்கு இது போதாது. அங்கே மோட்டார் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே நல்லது. சிறிய முற்றத்துக்கு, புல் பச்சை பிடித்து வளரத் தொடங்கும் தருணத்தில் பயன்படுத்த, இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். களைவிதை முளைப்பைத் தடுக்கும் மருந்து இடுவோர், துளையிட்ட பிறகே அதை இட வேண்டும்.