கரண்ட் போன பிறகும் என் மகன் வாசித்துக்கொண்டே இருந்தான்

போன மே மாதம் ஒரு நாள் ராத்திரி ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் கரண்ட் போனது. மகன் கூடத்தில் உட்கார்ந்து பயிற்சி மையத்தில் கொடுத்த தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு கிளி, ஒரு நாவல் மரம், பன்னிரண்டு வரியில் ஒரு கதை. வீடே இருட்டிவிட்டது. அவன் நிறுத்தவில்லை. அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தோடு, கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தான்.

எமர்ஜென்சி லைட்டைப் போட்டேன். அந்தக் கதையில் இருந்த எட்டுச் சொற்களை எடுத்து, முன்பின்னாக மாற்றி ஒரு தாளில் எழுதி அவன் முன்னால் வைத்தேன். 'கிளி' வாசித்தான். 'மரம்' வாசித்தான். 'கொம்பு' என்பதைக் 'கெம்பு' என்றான். மற்ற ஐந்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது வேற கதையா?" என்று கேட்டான்.

10 மாதம், 62,000 ரூபாய். அவனுக்கு ஒரு கதை மனப்பாடம் ஆகியிருந்தது. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைக் குணப்படுத்துவதாகச் சொன்ன ஒரு மையத்திடம் நாங்கள் ஏமாந்த கதையை முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் அதே மையம் இந்த வருடமும் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் முகாம் போடுகிறது.

ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். மகன் அப்போது தனியார் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு, ஆங்கில வழி. பேச்சில் படு சுட்டி. அமுச்சி, அதாவது அவன் பாட்டி, ஒரு தடவை சொன்ன கதையை மறுநாள் ஒரு சம்பவம் விடாமல் திருப்பிச் சொல்லுவான். மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை எனக்கு முன்னால் கணக்குப் போட்டுவிடுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வயிறு வலிக்கும், தலை வலிக்கும், தண்ணீர் தவிக்கும். டைரியில் 'கவனக்குறைவு' என்று வாரா வாரம் சிவப்பு மையில் எழுதி வரும். நானும் அவனை அடித்திருக்கிறேன், ஸ்கேலால். அதை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பள்ளியில் இலவச 'வாசிப்புத் திறன் முகாம்' நடந்தது. பள்ளிக்கூடமே ஏற்பாடு செய்ததால் நாங்கள் சந்தேகப்படவில்லை. ஒரு பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம். பத்து விரல்களையும் ஒரு கருவியில் வைத்து ரேகை எடுத்தார்கள். முகாம்தான் இலவசம், அறிக்கைக்கு 4,500 ரூபாய். பளபளப்பான தாளில் முப்பது பக்கம். 'டிஸ்லெக்சியா 72 சதவீதம், வலது மூளை ஆதிக்கம்' என்று வண்ண வண்ண வட்டங்கள் போட்டிருந்தார்கள். "ஒரு வருஷத்துல முழுசா குணமாயிடும் மேடம், கேரண்டி" என்றார் அங்கே இருந்தவர். பிள்ளைக்குத் திமிரும் இல்லை, மந்தமும் இல்லை, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி. அன்று அவர் எதை நீட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

12 மாதப் பயிற்சிக்கு 48,000. நீல நிறக் கண்ணாடிக்கு 6,500. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'முன்னேற்ற மதிப்பீடு' செய்ய 1,000. வாரம் இரண்டு நாள் வகுப்பு. வலது கையால் இடது முழங்காலைத் தொடுவது, எட்டைப் படுக்க வைத்த மாதிரி வரைவது, காதில் ஹெட்போன் மாட்டி இசை கேட்பது. கடைசிப் பத்து நிமிடம் அந்தக் கிளிக் கதை. வீட்டிலும் தினமும் அதையே வாசிக்கச் சொன்னார்கள்.

மதிப்பீட்டிலும் அதே கிளிக் கதைதான். முதல் முறை 2 நிமிடம் 40 நொடி, அடுத்து 1 நிமிடம் 35 நொடி, மூன்றாவது முறை 50 நொடி. மேலே ஏறுகிற கோடு போட்ட படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். நான் அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். என் நாத்தனார் பார்த்துவிட்டு அவர்கள் பெண்ணையும் சேர்க்கலாமா என்று கேட்டார். சேருங்கள் என்று நான் சொன்னேன். நல்லவேளையாக அவர்கள் சேர்க்கவில்லை.

கரண்ட் போன அந்த ராத்திரிக்கு மறுநாள் மையத்துக்குப் போனேன். நான் எழுதிய எட்டுச் சொற்களைக் காட்டினேன். "மூளை இன்னும் செட் ஆகல மேடம். அடுத்த லெவல் போட்டா சரியாயிடும்" என்று 28,000 ரூபாய்க்கு ஒரு தாளை எடுத்து வைத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. வீட்டில் நான் சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லையாம். கண்ணாடியைத் தொடர்ந்து போட வைக்கவில்லையாம். பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு மூளை செட்டே ஆகாதாம்மா?" என்று கேட்டான்.

அப்புறம்தான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம், கற்றல் குறைபாடு இருக்கிற பிள்ளைகளைப் பார்க்க மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்று ஒரு மையம் இருக்கிறது. அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை. இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. அங்கிருந்து மனநல உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார்கள். உண்மையான சோதனை எப்படி இருக்கும் என்று அங்கேதான் பார்த்தேன்.

முதலில் கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட்டன. இரண்டும் நன்றாக இருந்தன. பேச்சு எப்போது வந்தது, வீட்டில் வேறு யாருக்காவது படிப்பதில் சிரமம் உண்டா என்று கேட்டார்கள். என் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். செய்தித்தாளில் தலைப்பு மட்டும்தான் வாசிப்பேன், கீழே வாசிக்க ஆரம்பித்தால் வரி கலங்கிவிடும் என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி 11 வருடம். எனக்கே அது தெரியாது. டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று அந்த உளவியலாளர் அம்மா சொன்னார்.

பிறகு இரண்டு நாள், இரண்டு அமர்வு. அறிவுத்திறன் சோதனை தனி. வாசிப்புச் சோதனை தனி, தமிழிலும் ஆங்கிலத்திலும். அவன் பார்த்தே இராத பத்தியைக் கொடுத்தார்கள். படங்களின் பெயரை வேகமாகச் சொல்லச் சொன்னார்கள். சொல்வதை எழுதச் சொன்னார்கள். 'தொகிமு', 'பேலரு' மாதிரி அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. அர்த்தமில்லாத சொல்லை யாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்க முடியாது, எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றத் தெரிந்தால்தான் வாசிக்க வரும் என்று விளக்கினார். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வைக்கிற வாசிப்புச் சோதனையில் 40 சொற்கள், அதில் 20 இப்படி இட்டுக்கட்டியவைதானாம். பத்து மாதமாக ஒரே கதையை வைத்து அளந்தவர்களை நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இன்னொரு கேள்வி என் மனதிலேயே நிற்கிறது. "'மாடு'ங்கற சொல்லுல முதல்ல வர்ற 'ம்'ங்கற சத்தத்தை மட்டும் எடுத்துட்டா என்ன கண்ணு மிச்சம் இருக்கும்?" இவன் யோசித்து, "டு" என்றான். 'மா' என்ற முழு எழுத்தையும் எடுத்துவிட்டான். 'ஆடு' என்ற பதில் அவனுக்கு வரவில்லை. இப்படி ஒரு கேள்வியை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை. ஆனால் வரிசையாக எல்லாச் சோதனையிலும் இதே இடத்தில்தான் அவன் தடுக்கி விழுந்தான். சொல்லுக்குள் இருக்கிற தனித்தனி ஒலிகள் அவன் பிடிக்குள் வரவில்லை. 'ம்' மேல் 'ஆ' ஏறினால் 'மா', 'க்' மேல் 'ஆ' ஏறினால் 'கா' என்ற கணக்குப் புரிந்த பிள்ளைக்குத் தமிழின் 216 உயிர்மெய்யும் சில பத்துக் குறிகளாகச் சுருங்கிவிடும். என் மகன் ஒவ்வொன்றையும் தனிப் படமாக ஞாபகம் வைக்கப் பார்த்திருக்கிறான். அதிலும் கொம்புக் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கும். அவன் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து 'கெ' என்று வாசித்தது கவனக்குறைவே இல்லை. ஆங்கிலத்தில் நிலைமை இன்னும் மோசம். 'கட்' (cut), 'புட்' (put) இரண்டிலும் நடுவில் இருப்பது ஒரே எழுத்துதான், ஒலி வேறு.

கண்ணாடியைப் பற்றியும் கேட்டேன். எழுத்து தலைகீழாகத் தெரிவதுதான் டிஸ்லெக்சியா என்று பலரும் நினைக்கிறார்கள். எழுத்தைத் திருப்பிப் போடுவது கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் பல பிள்ளைகளிடமும் உண்டு. சிக்கல் கண்ணில் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து 2009-லேயே வண்ணக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் இந்த விஷயத்தில் ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்திருக்கின்றன. விரல் ரேகை கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. வாசிப்பு என்பது பிறந்து பல வருடம் கழித்து யாராவது சொல்லிக்கொடுத்து வருவது. அதை ரேகையில் பார்க்க வழியே இல்லை. சதவீதமும் கிடையாது, 'குணமாகும்' என்ற பேச்சும் கிடையாது. இது வாழ்நாள் முழுக்க கூடவே இருக்கும். ஆனால் சரியான முறையில் கற்றுக்கொடுத்தால் வாசிக்க வரும்.

1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கில் மார்கன் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். அவன் பெயர் பெர்சி. பாடமெல்லாம் வாய்ப்பேச்சிலேயே நடந்தால் பள்ளியில் இவன்தான் முதல் கெட்டிக்காரன் என்று அவன் ஆசிரியர் சொன்னாராம். அதை வாசித்தபோது எனக்கு என் பையனைச் சொன்ன மாதிரியே இருந்தது.

இப்போது சிறப்பாசிரியர் ஒருவரிடம் போகிறான். எந்தப் பாட்டும் இசையும் அங்கே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு குறி. ஒலியைக் கேட்பது, வாயில் சொல்வது, மணல் தட்டில் விரலால் எழுதுவது, அதையே சொல்லில் தேடுவது. பழையதைத் திரும்பப் பார்க்காமல் புதியதுக்குப் போவதில்லை. அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்காம் என்ற ஆசிரியையும் 1930களில் தொடங்கிய வழி இது என்றார் அந்த ஆசிரியை. மெதுவாகத்தான் போகிறது. முதல் இரண்டு மாதம் எனக்குப் பொறுமையே இல்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "அம்மா, 'வீடு'ல 'வ்' போனா 'ஈடு'" என்றான். யாரும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். நான் எழுந்து சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை இணையத்திலேயே சரிபார்க்கலாம். நாங்கள் போன மையத்தில் ஒருவருக்கும் அந்த எண் இல்லை, நான் கேட்கவும் இல்லை. சிறப்பாசிரியருக்கும் இதே பதிவு உண்டு. பள்ளியில் முகாம் நடக்கிறது என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

அந்த மையம் எங்களுக்கு ஒரு 'சான்றிதழ்' கூடக் கொடுத்தது, சட்டகம் போட்டு. அதற்கு எந்த மதிப்பும் இல்லை. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிற 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் மாதிரியான சலுகைகளுக்கு அரசு மருத்துவமனை கொடுக்கிற சான்றுதான் செல்லும். 8 வயதுக்கு மேல்தான் அது கிடைக்கும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று 2018-ல் வந்த விதிமுறை சொன்னது. ஆனால் சான்றுக்குத்தான் 8 வயது. சொல்லிக்கொடுப்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளை ஏற்கெனவே இப்படி ஒரு மையத்துக்குப் போகிறது என்றால், இன்றைக்கே அந்தத் தாளில் இருக்கிற சொற்களைக் கலைத்து எழுதி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளையைத் திட்டாமல், விளையாட்டு மாதிரி.

பணத்துக்கு நான் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதற்கப்புறம் மையத்திலிருந்து ஆள் வந்து, 20,000 ரூபாய் தருகிறோம், வெளியே எதுவும் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறோம். 5 லட்சத்துக்கு உட்பட்ட தொகை என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருந்ததைப் பார்த்து நான் மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டேன். அப்படி அச்சடித்துவிட்டால் மட்டும் நம் உரிமை போய்விடாது என்று வக்கீல் சொன்னார்.

மனுவோடு அந்த மூன்று மதிப்பீட்டு அறிக்கைகளையும் வைத்திருக்கிறோம். தேதி மூன்று, நொடிக் கணக்கு மூன்று. கீழே அச்சாகியிருக்கும் கதை மூன்றிலும் ஒன்றுதான்.