பூட்டிய ஜிம்முக்கு ஐந்து மாதம் பணம் கட்டிய கதை

போன வாரம் அக்கா மகள் டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்ட்ரிப் மாலில் பெண்களுக்கு மட்டும் என்று புதிதாக ஒரு உடற்பயிற்சி ஸ்டூடியோ வருகிறதாம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “சித்தி, திறக்கறதுக்கு முன்னாடியே சேர்ந்தா ஜாயினிங் ஃபீஸ் இல்லையாம். இன்னிக்குதான் கடைசி நாள். நீங்களும் ஒரு காலத்துல இந்த மாதிரி போனீங்கதானே, நல்லாயிருக்குமா?”

‘இன்றைக்குத்தான் கடைசி நாள்’ என்று கேட்டதுமே எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் இங்கேயே போட்டுவிடுகிறேன். டெக்சாஸில் இருக்கும் நம் பெண்கள் நிறையப் பேர் படிப்பீர்கள். எனக்கு நடந்தது சின்னத் தொகைதான், ஆனால் அதே மாதிரிப் பத்திரத்தில் இன்றைக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2007 செப்டம்பர். அதே டெக்சாஸில் இர்விங்கில் வந்து இறங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரரின் வேலை விசாவோடு ஒட்டி வந்த எச்-ஃபோர் விசா, வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. அந்த ஊரில் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தவை மொத்தம் மூன்று: ஒரு நெயில் சலூன், ஒரு சாண்ட்விச் கடை, இரண்டுக்கும் நடுவில் ஊதா நிற போர்டு வைத்த ஒரு பெண்கள் ஜிம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என் அம்மா வயதுப் பெண்கள் வட்டமாக நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட ஒல்லி இல்லை. அதைப் பார்த்துத்தான் உள்ளே போனேன்.

அது வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஆயிரத்துச் சொச்சம் சதுர அடியில் ஒரே ஹால். பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள் வட்டமாக. எடை கிடையாது, நம் மாருதி கார் பின்கதவைத் தாங்குமே ஒரு குழாய், அந்த மாதிரி ஹைட்ராலிக் சிலிண்டர்கள்தான். வேகமாகத் தள்ளினால் இறுகும், மெதுவாகத் தள்ளினால் இளகும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நடுவே ஒரு சதுரப் பலகை, அதில் ஏறி நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். முப்பது வினாடிக்கு ஒருமுறை ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் இடம் மாறச் சொல்லும், எல்லோரும் ஒரு இடம் நகர்வோம். மியூசிக்கல் சேர் மாதிரி, ஆனால் யாரும் அவுட் ஆவதில்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சுவரில் கண்ணாடி இல்லை, ஷவர் இல்லை, ஆண்கள் இல்லை. நான் சுடிதாரிலேயே போனேன், யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு தெலுங்கு அக்கா, ஒரு குஜராத்தி பென், இரண்டு மெக்சிகோ பாட்டிகள். உடற்பயிற்சியை விட அந்த அரை மணி நேரப் பேச்சுக்காகத்தான் போனேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்த யோசனை டெக்சாஸிலேயே பிறந்ததுதான். 1992-இல் ஹார்லிஞ்சன் என்ற ஊரில் கேரி ஹெவின், டயான் ஹெவின் தம்பதி ‘கர்வ்ஸ்’ என்று ஒன்றைத் திறந்தார்கள். 1995-இல் ஃப்ரான்சைஸ், அதாவது தங்கள் பெயரில் கடை நடத்தும் உரிமையை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பத்தே வருஷத்தில் உலகம் முழுக்கப் பத்தாயிரத்தை எட்டும் அளவுக்குக் கிளைகள். பெரிய ஜிம்முக்குப் போகக் கூச்சப்பட்ட பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. சின்னக் கடை, மலிவான இயந்திரம், இரண்டு ஊழியர்கள் போதும், ஷவருக்குக் குழாய் இழுக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் கடை போடலாம் என்று ஆனதும் இதே மாதிரி வேறு சங்கிலிகளும் மழைக்காலக் காளான் மாதிரி முளைத்தன. நான் சேர்ந்தது கர்வ்ஸ் இல்லை, அப்படி முளைத்ததில் ஒன்று. பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

சேர்ந்த அன்று என்னிடம் கேட்டது ஒரு செக். பணம் எடுக்க இல்லை, குறுக்கே ‘வாய்டு’ (செல்லாது) என்று எழுதித் தர வேண்டும். அதில் இருக்கும் கணக்கு எண்ணை வைத்து மாதம் ஐந்தாம் தேதி 39 டாலர் தானாக எடுத்துக்கொள்வார்கள். ஊரில் சீட்டுக் கட்டினால்கூட ஆள் வந்து வாங்கிப் போவார், நாம் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். இங்கே ஆளும் வரவில்லை, நோட்டும் இல்லை. அந்த வசதி எனக்குப் பெருமையாகவே இருந்தது. நான்கு பக்கப் பத்திரத்தில் முதல் பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் மட்டும்தான் படித்தேன். பன்னிரண்டு மாத ஒப்பந்தம், அதன்பிறகு நாம் எழுதிக்கொடுத்து நிறுத்தும் வரை மாதாமாதம் தானாக ஓடும். அது மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

ஒரு வருஷம் நன்றாகவே போனது. நான்கு கிலோ குறைந்தேன். அப்புறம் குறையவில்லை. இயந்திரத்தில் எடை என்று ஒன்று இருந்தால்தானே இன்று இவ்வளவு, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றலாம்? எல்லோருக்கும் அதுதான் நடந்தது. ஆறு மாதம் வருவார்கள், உடம்பு பழகிவிடும், நின்றுவிடுவார்கள். இந்தச் சமயத்தில் மூன்று மைலில் அதே சங்கிலியின் இன்னொரு கிளையை வேறொருவர் திறந்தார். இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும் ஜிம்கள் வந்தன, பத்து டாலர் ஜிம்கள் வந்தன. எங்கள் கிளையோ மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை பூட்டிவிடும், ஞாயிறு லீவு. 2008 கடைசியில் ஊரே வேலை போய்விடுமோ என்று பயந்து கிடந்தபோது எல்லோரும் முதலில் வெட்டியது இந்த 39 டாலரைத்தான்.

அறிகுறி எல்லாம் கண்ணெதிரே இருந்தது. இரண்டு இயந்திரங்களில் ‘பழுது’ என்று எழுதிய தாள் ஒட்டி மாதக்கணக்காயிற்று, ஒன்றில் சிலிண்டரிலிருந்து எண்ணெய் கசிந்து அடியில் பழைய டவல் விரித்திருந்தார்கள். ஊழியப் பெண்கள் நின்றுவிட்டார்கள், ஓனரம்மாவே கல்லாவிலும் நின்றார், தரையும் துடைத்தார். அதே மாதத்தில்தான் ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் 399 டாலர் என்று ஆஃபர் போட்டார்கள். தெலுங்கு அக்கா கட்டினார். நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மிஷின் ரிப்பேர் பண்ணக் காசில்லாத கடை மொத்தப் பணத்துக்குத் தள்ளுபடி தந்தால் அது நமக்காகத் தருவது இல்லை.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை போனால் கதவு பூட்டியிருந்தது. உள்ளே இயந்திரங்கள் இல்லை, தரை விரிப்பில் அவை இருந்த இடம் மட்டும் வட்டமாகத் திட்டுத்திட்டாக அழுந்திக் கிடந்தது. கதவில் ஒரு தாள்: உங்கள் மெம்பர்ஷிப் எங்கள் சகோதரக் கிளைக்கு மாற்றப்பட்டுள்ளது, மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம். அது அந்த மூன்று மைல் கிளை இல்லை. மேப்க்வெஸ்டில் போட்டுப் பார்த்தேன், 14 மைல். கார் ஓட்டத் தெரியாதவளுக்கு 14 மைல் என்ன, 140 மைல் என்ன. சரி, கடை மூடியாச்சு, கணக்கும் முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கணக்கு முடியவில்லை. ஏப்ரலில் டாக்ஸ் கட்டுவதற்காக வீட்டுக்காரர் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எல்லாம் அச்செடுத்தபோது, “இது என்ன 39?” என்றார். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஒரு மாதம்கூட விடவில்லை. பணம் எடுத்தது ஜிம் இல்லை, வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு பில்லிங் கம்பெனி. ஜிம் செத்தது அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை. போன் செய்தால், ரத்து செய்ய வேண்டுமென்றால் உங்கள் கிளைக்கு சர்டிஃபைடு மெயிலில் (நம் ஊர் பதிவுத் தபால் மாதிரி) கடிதம் அனுப்புங்கள் என்றார்கள். கிளையே இல்லையே என்றேன். பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு கிளையும் தனித்தனி முதலாளிக்குச் சொந்தம், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று தேனொழுகச் சொன்னார்கள். போர்டில் மட்டும் ஒரே பெயர், ஒரே ஊதா.

அப்புறம்தான் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். டெக்சாஸில் ஜிம்களுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட மூன்று வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். கிளையை மூடிவிட்டு 10 மைலுக்குள் வேறு இடம் தராவிட்டாலும் ரத்து செய்யலாம். இது பத்திரத்திலேயே தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. கிளை, பில்லிங் கம்பெனி, தலைமை அலுவலகம் என்று மூன்று விலாசத்துக்கும் சர்டிஃபைடு மெயில் அனுப்பினேன். கிளைக்குப் போனது பத்து நாளில் மஞ்சள் ஸ்டிக்கரோடு திரும்பி வந்தது. அதை நான் பிரிக்கவில்லை, இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன்.

இனி இந்தப் பணத்தை எடுக்க விடாதீர்கள் என்று பேங்கில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தோம். அடுத்த தவணைக்குக் குறைந்தது மூன்று வேலை நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும், அதைச் சரியாகச் செய்தோம். அதற்கு 30 டாலர் கட்டணம். மே மாதம் அதே கம்பெனி 39-க்குப் பதில் 44 என்று போட்டு எடுத்துக்கொண்டது. தடை உத்தரவு 39-க்குத்தானே! நேரில் போய்ச் சத்தம் போட்ட பிறகு அதைத் திருப்பினார்கள். ஸ்டேட்மென்ட் அனுப்பி 60 நாளுக்குள் சொன்னால்தான் விசாரிக்கக் கட்டாயம் என்பதால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மட்டும் திரும்பக் கிடைத்தது. டிசம்பரும் ஜனவரியும் போனது போனதுதான். கடைசியில் அக்கவுன்ட்டையே மூடினோம். ஜூனில் ஒரு வசூல் ஏஜென்சி கடிதம் போட்டது. அதற்கு 30 நாளுக்குள் கடனை மறுத்து எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார். திரும்பி வந்த கவரின் நகலையும் வைத்து அனுப்பினோம், அதோடு அடங்கியது.

போன 78, பேங்க் கட்டணம் 30, மொத்தம் 108 டாலர். பிள்ளையாருக்கு அத்தனை தேங்காய் உடைத்திருந்தாலாவது புண்ணியம். தெலுங்கு அக்காவுக்கு 399-இல் பெரும்பகுதி போய்விட்டது. இந்த மாதிரி ஜிம்கள் மாநிலச் செயலரிடம் பதிவு செய்து ஜாமீன் தொகை கட்ட வேண்டும், மூடினால் முன்பணம் கட்டியவர்கள் அதிலிருந்து கேட்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அந்த ஓனரம்மாவை ஒருநாள் க்ரோகர் மளிகைக் கடையில் பார்த்தேன். திட்டத்தான் போனேன். அவர் பள்ளிக்கூட ஆசிரியை, ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டு ஃப்ரான்சைஸ் எடுத்தவர். முந்நூறு உறுப்பினர்களில் ஆரம்பித்து நூறுக்கு வந்தாராம். மாதா மாதம் ராயல்டியும் விளம்பரப் பங்கும் தலைமையகத்துக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று மைலில் இன்னொரு கிளைக்கு அனுமதி கொடுத்ததும் அதே தலைமையகம்தான். கடை லீசுக்குத் தன் பெயரில் ஜாமீன் போட்டிருந்ததால் காலி கடைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தார். பில்லிங் கம்பெனியிடம் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, சொன்னேன், அவர்களும் எனக்குப் பாக்கி என்றார். பாவமாகவும் இருந்தது, கோபமும் போகவில்லை. ஏனென்றால் அந்த 399 ஆஃபரைத் தாளில் எழுதி ஒட்டியது அவர் கைதானே.

அதனால் ஜிம்மில் சேர்வதை விட ஜிம் எடுத்து நடத்தலாமா என்று யோசிப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். நம் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் மாதம் ஒருவர் கேட்கிறார். கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே ஃப்ரான்சைஸ் விவர ஆவணத்தை உங்கள் கையில் தர வேண்டும் என்பது ஃபெடரல் விதி. அதில் 20-ஆம் பகுதியை முதலில் திறங்கள். மூன்று வருஷத்தில் எத்தனை கிளை திறந்தது, எத்தனை மூடியது, எத்தனை கை மாறியது என்று பட்டியல் இருக்கும், விட்டுப் போனவர்களைத் தொடர்புகொள்ளும் வழியும் இருக்கும். விற்பவர் புது கிளை எண்ணிக்கையைத்தான் பாடுவார், நீங்கள் கை மாறிய எண்ணிக்கையைப் பாருங்கள். கர்வ்ஸே 2012-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, அதற்குள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் கிளைகள் மூடியாயிற்று. வேடிக்கை என்னவென்றால் அதே வட்டம் ஜப்பானில் இன்னும் சக்கைப்போடு போடுகிறது. அங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் கிளைகள், வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். அந்த வட்டத்தில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. குறை அந்த வாய்டு செக்கில்தான் இருந்தது.

இப்போது செக்குக்குப் பதில் கார்டு, ஆப். ஒரே க்ளிக்கில் சேர்ந்த மாதிரியே ஒரே க்ளிக்கில் விலகவும் வழி இருக்க வேண்டும் என்று ஃபெடரல் அரசு 2024-இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2025 ஜூலையில், அமலுக்கு வரச் சில நாள் இருக்கும்போது, கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே பழைய சர்டிஃபைடு மெயில்தான் கதி.

அக்கா மகளிடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறேன். மாநிலத்தில் பதிவு செய்த எண் என்ன, திறப்பதற்கு முன் வாங்கும் பணத்தை எஸ்க்ரோவில் (கடை திறக்கும் வரை அவர்கள் தொட முடியாத தனிக் கணக்கில்) வைக்கிறார்களா, பத்திரத்தின் மூன்றாம் பக்கம் எங்கே? அவள் அனுப்பிய போட்டோவில் விலைப்பட்டியலும் கையெழுத்துப் பக்கமும் மட்டும்தான் இருக்கின்றன. மெசேஜுக்கு இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.