பெட்டி புதுசு, ஸ்பிரிங் பழசு: நான் ஏமாந்த கதை

ஸ்போர்ட்ஸ் காருக்கு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். மாற்றுவது முடியாத வேலை இல்லை. நானே செய்தேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை செய்தேன் என்பதுதான் சிக்கல்.

என் வண்டி இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது, தரையோடு ஒட்டிப் போகும். ஒரு நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். முன்பக்கத்திலிருந்து 'டொய்ங்' என்று ஒரு சத்தம், தடித்த கம்பியை யாரோ சுண்டிவிட்டது போல. ஸ்பிரிங்கின் உச்சியில் சுழன்றுகொடுக்கும் மேல் பேரிங் தேய்ந்தாலும் இப்படித்தான் கேட்கும் என்பதால் இரண்டு நாள் அலட்சியமாக விட்டேன். மூன்றாம் நாள் இடது சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்தால், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்து, விரல் நீளத் துண்டு ஒன்று ஸ்பிரிங் உட்காரும் கீழ்த்தட்டிலேயே படுத்துக் கிடக்கிறது. முறிந்த முனை உளி மாதிரி கூர்மையாக இருந்தது. அது தட்டை விட்டு விலகினால் நேராக டயரில்தான் போய்க் குத்தும். அன்றோடு வண்டியை வெளியே எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

முறிவைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. வெட்டுமுகத்தில் பாதிக்கு மேல் பழுப்பேறிப்போன பழைய துரு. மீதி மட்டும் பளபளவென்று புதிய எஃகு. அதாவது விரிசல் பல நாளாகவே ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது, நான் கேட்ட சத்தம் அதன் கடைசி நொடி. கடைசிச் சுற்றுக்கும் தட்டுக்கும் நடுவில் மணலும் ஈரமும் சேர்ந்து, மேல்பூச்சைத் தேய்த்து, அங்கே துருக்குழி விழுந்திருக்கிறது. ஸ்பிரிங் அமுங்கும்போது கம்பி முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கு அதிகமாகப் படிவது கம்பியின் மேற்பரப்பில்தான். மேற்பரப்பில் ஒரு சின்னக் குழி இருந்தால் போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்), அதை மேலே தாங்கும் மவுன்ட், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னார்கள். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு துளியும் இல்லை. அதனால் ஸ்பிரிங் மட்டும் ஜோடியாக வாங்குவோம் என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும், வளைவில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சரியான முடிவுதான். வாங்கிய இடம்தான் தவறு.

விளம்பரத்தில் 'புத்தம் புதியது, ஜோடி, உங்கள் மாடலுக்கு அப்படியே பொருந்தும்' என்று இருந்தது. படத்தில் கறுப்பாக மின்னும் இரண்டு ஸ்பிரிங்குகள். விற்பவர் பேச்சில் தேன். "சார், நீங்க கவலையே படாதீங்க, நானும் இதே வண்டிதான் வச்சிருக்கேன்" என்றார். சேசிஸ் எண்ணைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஒரே மாடலிலேயே இன்ஜினுக்கும் ஏசிக்கும் தகுந்தபடி ஸ்பிரிங் மாறும், சில வண்டிகளில் இடதும் வலதும்கூட வேறு வேறு. சேசிஸ் எண் இல்லாமல் 'அப்படியே பொருந்தும்' என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்?

பெட்டி வந்தது. பளபள ஸ்டிக்கர், பிளாஸ்டிக் உறை, சிலிக்கா ஜெல் பொட்டலம்கூட உள்ளே. திறந்தவுடன் பெயின்ட் வாடை குப்பென்று அடித்தது. தொழிற்சாலையில் பவுடர் பூசிச் சூடேற்றி எடுத்த ஸ்பிரிங்கில் அந்த வாடை வராது, ஸ்பிரே டின்னில் அடித்தால்தான் வரும். 'புதுசு அல்லவா, வாடை வரத்தான் செய்யும்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இனி வேலை. வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடவே கூடாது. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் கிளிப்பிலிருந்து விடுவித்து, ஸ்டெபிலைசர் கம்பியோடு இணைக்கும் லிங்க்கைக் கழற்றி, கீழே இரண்டு போல்ட்டையும் மேலே மூன்று நட்டையும் எடுத்தால் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி, முழுசாகக் கையில் வந்துவிடும். இதுவரை எல்லாம் ஸ்பேனர் வேலை. ஆபத்து இதற்கு அப்புறம்தான்.

ஸ்ட்ரட்டின் உச்சியில், நடுவில் இருக்கும் அந்த ஒற்றை நட்டைத் தொடுவதற்கு முன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். கணக்கு போட்டுப் பார்த்தேன்: மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங்கை 100 மி.மீ. அமுக்கினால் அது 3,000 நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ எடை அளவுக்குத் திமிறிக்கொண்டிருக்கும். உள்ளே அடங்கிக் கிடப்பது 150 ஜூல். 15 கிலோ இரும்பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம், அதுவும் முகத்துக்கு நேராக. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான கம்ப்ரஸரின் இரண்டு கொக்கித் தண்டுகளையும் எதிரெதிரே மாட்டி, மரையில் கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று கையால்தான் இறுக்க வேண்டும். நட்டை அடித்து அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் கன்னை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அந்தப் 'புது' ஸ்பிரிங்கை அமுக்கும்போது ஒரு கொக்கி அரை அங்குலம் நழுவியது. 'சர்க்'. அவ்வளவுதான், ஆனால் எனக்கு வியர்த்துவிட்டது. கொக்கி கடித்த இடத்தில் பெயின்ட் ஓடு மாதிரி உரிந்து வந்திருந்தது. கொக்கி தேய்ந்திருக்கிறது என்று நினைத்தேனே தவிர, உரிந்த இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. ஆறு மணி நேர வேலை, விளக்கு வெளிச்சம், முதுகு வலி. எப்படியாவது முடித்தால் போதும் என்றிருந்தது.

இரண்டு பக்கமும் மாட்டி, வீல் அலைன்மென்ட்டும் செய்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினேன். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் இடதுபக்கம் 13 மி.மீ. தாழ்வு. விற்றவரைக் கேட்டேன். "புது ஸ்பிரிங் செட் ஆகணும் சார், ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க" என்றார். புது ஸ்பிரிங் முதலில் கொஞ்சம் உட்காரும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே அளவுக்குத்தான் உட்காரும். அதைச் சொன்னேன். "இன்னும் ரெண்டு நாள் பாருங்க சார்." அந்த ஒரு வாரத்துக்குள் பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. எட்டாம் நாள் பேச்சின் தொனியே மாறியது: "மாட்டின பொருளை நாங்க எடுக்க மாட்டோம்." அதற்கடுத்து என் எண்ணையே தடுத்துவிட்டார். 'செட் ஆகணும்' என்றது ஸ்பிரிங்கைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி.

மறுபடி ஸ்டாண்ட், மறுபடி கம்ப்ரஸர். இந்த முறை ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உப்புத்தாளை எடுத்தேன்.

இடது ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் பத்துத் தேய் தேய்த்திருப்பேன். கறுப்பு போய், அதற்கடியில் நீலச் சாம்பல் நிறத்தில் இன்னொரு பழைய பூச்சு, அதற்கும் அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகத் துரு. நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு குழியிலும் தடுக்குகிறது. பெயின்டுக்குள் மணல் துகள்கள் அப்படியே புதைந்திருந்தன, துடைக்கக்கூட இல்லாமல் மேலேயே அடித்திருக்கிறார்கள். கீழ்ப்பக்கம் அரை வட்டத்துக்குத் தட்டையாக வழவழவென்று தேய்ந்த தடம் ஒன்று. வேறு எதோ வண்டியின் தட்டில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்த அடையாளம் அது. புது ஸ்பிரிங்கில் அப்படி ஒரு தடம் இருக்க வழியே இல்லை.

அப்புறம் நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோல். பெயின்டைச் சுரண்டிய இடத்தில் ஒன்றின் கம்பி 12.0 மி.மீ., மற்றதன் கம்பி 12.4 மி.மீ. வெறும் 0.4 மி.மீ. தானே என்று தோன்றும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், ஆகவே மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலே இது 14 சதவீத வித்தியாசம். இரண்டு வெவ்வேறு வண்டியிலிருந்து கழற்றியதை ஜோடி என்று கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். விறைப்பைக் குறிக்கும் வண்ணப் பொட்டு மட்டும் இரண்டிலும் ஒரே மஞ்சள். ஒரே தூரிகை, ஒரே நாள் வேலை. விளம்பரப் படத்தைத் தேடி எடுத்துச் சுற்றுகளை எண்ணினேன். படத்தில் ஏழு, என் மேசையில் ஆறரை.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. துருவை எடுக்க இவற்றை அமிலத்தில் முக்கியிருந்தார்களா? அப்படியானால், ஸ்பிரிங் எஃகு மாதிரி உயர்வலிமை எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, முன்னறிவிப்பே இல்லாமல் முறியும் தன்மை வந்துவிடலாம். அது வெளியே தெரியாது, உப்புத்தாளால் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்த ஸ்பிரிங்கை நான் என் கழுத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்து அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பணம் திரும்பவில்லை. கார்டு நிறுவனத்தில் முறையிட்டேன். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. சுரண்டிய பிறகு எடுத்த படங்களை வைத்து, அது அவர் அனுப்பிய ஸ்பிரிங்தான் என்று நிரூபிக்க முடியவில்லை. எனவே நீங்கள் வாங்கினால், பெட்டி மூடியிருக்கும்போதே வீடியோவை ஆரம்பித்துவிடுங்கள். அப்படியே கடைசிச் சுற்றையும் ஸ்பிரிங்கின் உள்பக்கத்தையும் கேமராவுக்குக் காட்டுங்கள், ஏனென்றால் உள்பக்கத்தில் ஸ்பிரே சரியாகப் போய்ச் சேராது. இரண்டையும் நிமிர்த்தி வைத்து உயரம் அளங்கள், கம்பியை அளங்கள், சுற்றை எண்ணுங்கள். பத்து நிமிடம் போதும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், நான் செய்தது போல அயர்ச்சியில் மாட்டிவிடுவீர்கள். முறிந்த ஸ்பிரிங்கை வெல்டு வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதையும் கேட்டேன். அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவாகிவிடும்: வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும், அவ்வளவுதான்.

கடைசியில் தயாரிப்பாளரின் உதிரிபாகக் கவுன்ட்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஜோடி வாங்கினேன். பாக எண் அச்சிட்ட அட்டையோடு, வாடையே இல்லாமல் வந்தது. ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டில் இருக்கும் படியில் 'டிக்' என்று போய் உட்கார்ந்தது. பழைய லாக் நட்டுகளைத் தூக்கிப்போட்டுப் புதியவற்றை சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையின் போல்ட்டை மட்டும் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு இறுக்கினேன், தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். இரண்டாவது தடவையாக அலைன்மென்ட்டுக்கும் அழுதேன். இப்போது இரண்டு பக்கமும் 2 மி.மீ. வித்தியாசத்துக்குள் நிற்கிறது.

போன வாரம் அந்த விளம்பரத்தைத் தேடினேன். பெயர் வேறு, படம் அதே ஏழு சுற்று. என்னிடம் இருந்த இரண்டையும் கிரைண்டரில் நாலு நாலு துண்டாக அறுத்துவிட்டேன். முழுசாகப் பழைய இரும்புக்குப் போட்டால் மறுபடி யாராவது கறுப்பு அடித்து விற்பார்கள்.