ஜன்னலோரமா, மொட்டை மாடியா?

எட்டு மாதப் பாப்பாவைப் படம் எடுக்க எங்கள் வீட்டில் இரண்டே இடம்தான்: ஹால் ஜன்னல், மொட்டை மாடி. இரண்டிலும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

மாடியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, பிரச்சினையும் அதுதான். மதுரை வெயிலில் காலை ஒன்பது மணிக்கே குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், புருவத்துக்குக் கீழே கருப்பாக நிழல் விழும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் நன்றாக வரும்தான். ஆனால் அப்போது பாப்பாவுக்குத் தூக்கம் சொக்கும். பின்னால் கொடியில் காயும் துணி வேறு.

ஜன்னலோரம் அப்படியில்லை. நேர் வெயில் விழாத ஜன்னலாகப் பார்த்து, மூன்றடி தள்ளிப் பாயை விரித்து, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி உட்கார வையுங்கள். மறுகன்னம் இருண்டு போகிறதா? தாத்தாவின் வெள்ளை வேட்டியை அந்தப் பக்கம் நாற்காலியில் தொங்கவிடுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி கன்னத்தில் விழும், அப்பத்தா வைத்த திருஷ்டிப் பொட்டுகூடத் தெளிவாகத் தெரியும். டியூப்லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கன்னத்துக்கு ஒரு நிறமாகிவிடும். நீங்களும் தரையில் படுத்து, குழந்தையின் கண் மட்டத்தில் எடுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும்.

குறை ஒன்று உண்டு. உள்ளே வெளிச்சம் குறைவு என்பதால் குழந்தை கையை ஆட்டினால் படம் கலங்கும். கேமரா என்றால் ஷட்டர் வேகத்தை 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக வைக்கலாம். போன் என்றால் சரசரவென்று இருபது படம் தட்டிவிட்டு, அப்புறம் ஒன்றைப் பொறுக்க வேண்டியதுதான்.

நான் மாடிக்குப் போவது இப்போது குடும்பத்தோடு எடுக்க மட்டும்தான்.